இலை கொடியை விட்டு ஒரு விரல் தள்ளி

1

“நீ ஏன் அத அமத்தின?”

“அது கேட்டது ராத்தா, நான் ஓம் எண்டு—”

“அது கேட்டா நீ ஓம் சொல்லிர்றதா?”

“புதுசு வந்திருக்கு, போடட்டோ எண்டு கேட்டது. நல்லதுக்குத்தானே எண்டு—”

“நல்லதுக்கு. நாளைக்கு இந்தக் கடைய எழுதித் தரட்டாண்டு கேட்டாலும்—”

“இந்தக் கடைய ஆர் ராத்தா கேக்கப்போகினம்?”

“கதைய மாத்தாத. இஞ்ச பாரு. கொடி இஞ்ச நிக்குது. இல அங்க நிக்குது. ஒரு விரல் தள்ளி. கொடிய விட்டுட்டு இல தனியாப் பயணம் போகுது.”

“எனக்கும் கண் இருக்கு—”

“அந்தக் கண்ணால அமத்த முந்தி—”

இந்த இடத்தில் ஒரு சீமெந்து லொறி போனது. மிச்சம் எனக்குக் கேட்கவில்லை.

2

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுவரிலிருந்து. பாலாவிச் சந்தியில் என் குசினிக்கும் பக்கத்துத் தையல்கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். மேலே இருக்கும் சண்டை வந்து காதில் விழுந்தது. கத்தியை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். அந்த வெங்காயம் அன்று கறிக்குப் போகவில்லை.

எனக்குக் கதைகள் எப்போதும் இப்படித்தான் வரும். இடம் தெரியாது, முகம் தெரியாது; இரண்டு குரல்கள் ஒன்றையொன்று பேசவிடாமல் பேசிக்கொண்டு வரும். ஆகவே சுவர் எனக்குத் தடையல்ல, வசதி. ஆனாலும் வாசிக்கிறவருக்கு முகமும் இடமும் வேண்டும் என்பார்களே என்று, மரியாதையாக ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

புத்தளம் களப்பின் மீது மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை —

சூரியனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. வெட்டிவிட்டேன். இன்னொன்று:

சுல்பா துணிச்சலான பெண். அவள் எதற்கும் —

துணிச்சலா? அதைத்தானே நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதுவும் வேண்டாம். சண்டையே முன்னால் நிற்கட்டும்.

மறுநாள் பொறுக்கமுடியாமல், நன்றாகவே இருந்த ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, கை இறுக்கம் என்று சொல்லிக் கடைக்குப் போனேன். (இறுக்கம் எதுவும் இல்லை. இப்போது அந்தக் கைக்குள் இரண்டு பேர் நுழையலாம்.) அங்கே கேட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடை இரண்டு பேருடையது. சுல்பா, சின்னப்பிள்ளையாக மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், தையல் அவளுடையது. வதனா, வன்னியிலிருந்து வந்து இங்கேயே நின்றுவிட்டவள். சுல்பாவைவிட இளையவள், அவளை அக்கா என்பதற்கு ராத்தா என்று கூப்பிடுகிறவள், கொம்பியூட்டர் இவளுடையது. நடுவில் ஒரு மெஷின், தானே பூ வேலை செய்யும். வதனா கொம்பியூட்டரில் கொடியும் இலையுமாக வரைவாள். ஒரு மென்பொருள் அந்தப் படத்தை ஊசிக்கு விளங்கும் கட்டளையாக மாற்றிக் கொடுக்கும். சுல்பா துணியை வளையத்தில் இறுக்கிப் பூட்டி, நூல் கோப்பாள். இதுவரை தைத்தது பாடசாலைச் சின்னமும் தலையணை உறையும். இப்போதுதான் முதன்முதலாக ஒரு கலியாண உடுப்பு. மணப்பெண் ஆலங்குடா நிஃப்லா.

நிஃப்லாவின் துணி வெளிநாட்டிலிருந்து வந்தது. இங்கே தேடினால் கிடைக்காது. முன்பக்கத்துக்கு இரண்டு துண்டு வெட்டலாம். ஒன்று தைக்க, ஒன்று கைகாவலுக்கு. அந்த முதல் துண்டில்தான், கொம்பியூட்டர் கேட்டதும் வதனா பொத்தானை அமத்தி மென்பொருளைப் புதுப்பித்த கையோடு, தங்கநூல் கொடி ஒழுங்காக முடிந்து, வெள்ளிநூல் மாற்றியதும் ஊசி ஒரு விரல் தள்ளிப்போய் இலை தைக்கத் தொடங்கியது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், புதியதில் ஒருமுறை திறந்த கோலத்தைப் பழையது திறக்க மாட்டேன் என்கிறது.

மிச்சம் ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நிஃப்லா அளவு பார்க்க வருவாள். சரியாக வந்தால் கலியாண உடுப்புத் தைக்கிற கடை என்று பெயர். வராவிட்டால் ஒரு பெண்ணின் கலியாண உடுப்பைக் கெடுத்த கடை.

இதுதான் கதையின் பாரம். இதை மறைத்து வைத்துப் பிறகு திறக்கிற வித்தை எனக்கு வேண்டாம்.

3

“இதைச் செய்தவையிட்டயே கேப்பம் ராத்தா. அவைக்கு இன்டர்நெட்டில ஒரு பக்கம் இருக்கு. செய்யிற ஆக்கள், பாவிக்கிற ஆக்கள், எல்லாரும் அதிலதான் கதைக்கிறவை.”

“எவ்வளவு கேப்பாங்க?”

“ஒண்டும் கேக்க மாட்டினம். சொஃப்ட்வெயாரே சும்மா தந்ததுதானே. வேற வேற நாட்டில இருக்கிற ஆக்கள், வேலை முடிஞ்சு வந்து சும்மா செய்யினம். உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஆரும் பாக்கலாம், ஆரும் திருத்தலாம்.”

“அப்ப இன்னும் மோசம்.”

“என்ன மோசம்?”

“சும்மா தந்தவங்கட்டப் போய், நீங்க தந்தது சரியில்லண்டு சொல்றதா? கலியாண வீட்டுல சாப்பிட்டுட்டு, கறிக்கு உப்புக் கூடண்டு சொல்ற மாதிரி.”

இதைக் கேட்டபோது நான் சுவரோடு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றேன். கதையின் முடிச்சு எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அதுவரை நினைத்தது, இது மெஷினைப் பற்றிய கதை என்று. இல்லை. இது கேட்பதைப் பற்றிய கதை.

எங்கள் பக்கம் உதவி கேட்கப் போகிறவர் போன உடனே கேட்க மாட்டார். சுகம் விசாரிப்பார். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பார். தேத்தண்ணீர் குடிப்பார். எழும்பிப் போய்ச் செருப்பைக் காலில் மாட்டும்போதுதான், “அது சரி, ஒரு சின்ன விசயம்” என்பார். செருப்பு மாட்டிய பிறகு சொல்வதுதான் வந்த காரியம். வீட்டுக்காரருக்கும் அது தெரியும். அவரும் அதற்காகத்தான் படலை வரை கூட வருவார். இருவரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் இது. ஒருவருக்கு மட்டும் விதி தெரிந்திருந்தால் என்ன ஆகும்?

சுல்பா சொல்லச் சொல்ல, வதனா ஆங்கிலத்தில் எழுதினாள். சொன்னது இது:

“அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நல்ல சுகத்தோடு இருக்க இறைவனை வேண்டுகிறோம். நாங்கள் இலங்கையில் புத்தளம் பக்கம் ஒரு சிறிய தையல்கடை. உங்களுடைய சொஃப்ட்வெயார் எங்களுக்குச் செய்த உதவியை மறக்கமாட்டோம். புதிதாக வந்ததும் மிக அழகாக இருக்கிறது. இலை மட்டும் சற்றுத் தள்ளி நிற்கிறது, அது பெரிய விசயம் இல்லை. உங்களுக்கு வேலை கூடவாக இருக்கும். நேரம் கிடைத்தால் பாருங்கள், கிடைக்காவிட்டாலும் குறையில்லை.”

“பெரிய விசயம் இல்லையோ? ராத்தா, நிஃப்லாட உடுப்பு—”

“நீ எழுது. மனுசருக்கு மனுசர் வெளங்கும்.”

காலையில் பதில் வந்திருந்தது. பதில் எழுதியவர் தன் முகத்துக்குப் பதிலாக ஓர் ஆந்தையின் படம் வைத்திருந்தாராம்.

“இவ்வளவு அன்பாக எழுதியதற்கு நன்றி எண்டு போட்டிருக்கு. இலங்கையிலயும் பாவிக்கினம் எண்டு கேக்க சந்தோசமாம். பக்கத்தில ஒரு இதயம்.”

“பாத்தியா, நான் சொன்னனே, நல்ல மனுசர். என்ன செய்யச் சொல்றாங்க?”

“ஒண்டும் சொல்லேல்லை. மூடிப்போட்டினம்.”

“எத?”

“எங்கட பிரச்சினைய. முடிஞ்சுதாம்.”

பிறகு சுல்பா சொன்னாள்:

“கலியாணத் துணிக்கு உதவி கேட்டா, வந்தது ஆந்தையா?”

*

பக்கக் குறிப்பு: ஆந்தை ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. முதல் வரைவில் “அவன்” என்று எழுதி, தாடி வைத்து, பனி பெய்யும் ஊரில் ஒரு மாடி வீட்டிலும் குடியேற்றினேன். பிறகு யோசித்தேன், என் காதுக்கு எட்டாத ஒன்றை நான் எப்படி எழுதுவது? தாடியை எடுத்தேன். வீட்டை எடுத்தேன். பனியும் போய்விட்டது. இப்போது ஆந்தை வெறும் ஆந்தைதான். வாசிக்கிறவர் விரும்பினால் தாடியைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

4

வதனாவின் முறை. அவள் சுல்பாவைக் கேட்கவில்லை. பொதுப் பக்கத்திலும் எழுதவில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் கேட்பதைவிட, வீட்டுப் பின்வாசலால் போய்க் கேட்பதுதான் மரியாதை என்று நினைத்தாள் போலும். ஆந்தைக்குத் தனியாக எழுதினாள்.

“நீ கள்ளமா எழுதினியா?”

“கள்ளம் இல்லை, தனிய.”

“என்னண்டு எழுதின?”

“அவசரம், உதவுங்கோ எண்டு.”

“வேற?”

“உங்கட சொஃப்ட்வெயாரால எங்கட சீவியம் போச்சு எண்டு.”

“வேற?”

“ஒரு கலியாணம் நிக்கப்போகுது எண்டு.”

“அல்லாட காவல். ஆர்ர கலியாணம் நிக்குது? வாய வச்சுக்கொண்டு சும்மா இருக்க மாட்டியா?”

“நீங்கள் ஒண்டும் இல்லை எண்டு எழுதினீங்கள், அவை மூடிப்போட்டினம். நான் எல்லாம் போச்சு எண்டு எழுதினன்.”

“ரெண்டும் பொய்.”

“ஓம். ரெண்டும் பொய்தான்.”

(இந்த இரண்டு வரிகளையும் நான் கண்டுபிடிக்கவில்லை. சுவர் தந்தது. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

ஆந்தையின் பதிலை வதனா உரக்க வாசித்தாள். எனக்குக் கேட்கட்டும் என்று வாசித்தாளோ என்று இப்போது ஒரு சந்தேகம்.

“உங்கள் நிலைமைக்கு வருந்துகிறேன். ஆனால் எனக்குத் தனியாக எழுதவேண்டாம். நான் தூங்கும்போது வேறொருவர் விழித்திருப்பார், அவருக்கு விடை தெரிந்திருக்கலாம். உங்களுக்கு வந்த பிரச்சினை நாளைக்கு இன்னொருவருக்கும் வரும், அவரும் வாசிக்கவேண்டும். எல்லாருக்கும் தெரியும் இடத்தில் கேளுங்கள். எந்தப் பதிப்பு, எந்த மெஷின் என்று சொல்லுங்கள். என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? உண்மையில் நடந்தது என்ன? கெட்டுப்போன துணியின் படம் ஒன்றும் போடுங்கள்.”

நான் கையில் வைத்திருந்த அகப்பையோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், உண்மையில் நடந்தது என்ன. கதை எழுதுவதைப் பற்றி எத்தனை பேர் எவ்வளவு பெரிய பெரிய பேச்செல்லாம் பேசக் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட இப்படி நறுக்கென்று சொன்னதில்லை. இதுவரை கேட்ட எல்லாக் கதையும் இந்த மூன்று கேள்விக்குள் அடங்குகிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். அடங்குகிறது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அணையட்டும்.

5

ஆனால் அந்தக் கடைசி வரி. கெட்டுப்போன துணியின் படம்.

“அது மட்டும் ஏலாது.”

“ராத்தா, பாக்காமல் அவை என்னண்டு சொல்லுறது?”

“கெட்ட துணிய கடைக்கு வெளிய காட்டினவள் கடை நடத்தினதா நீ எங்கயாச்சும் கேட்டிருக்கியா? எனக்குத் தையல் படிச்சுத் தந்த மனுசி முதல் நாள் சொன்னதே அதுதான். தைக்கப் பழக முந்தி ஒளிக்கப் பழகு.”

உண்மை. தையல்காரர் வீட்டில் பிழைத்துப்போன துணி வாசலைத் தாண்டாது. அது உள்துணியாகும், தலையணைக்குள் அடைக்கும் பஞ்சாகும், ஊசி குத்தி வைக்கிற மெத்தையாகும். சுல்பாவின் மெஷினுக்குக் கீழே ஒரு பை இருக்கிறது. சட்டை கொண்டுபோன அன்று என் கால் அதில் பட்டது. அவள் அதைத் தன் காலால் மெல்ல உள்ளே தள்ளினாள். நிஃப்லாவின் துண்டு அதற்குள்தான் இருந்திருக்கவேண்டும்.

வதனா பொதுப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். எந்தப் பதிப்பு, எந்த மெஷின், நூல் மாற்றியபின் இலை எப்படித் தள்ளிப்போகிறது, எல்லாம். கடைசியில் ஒரு வரி: “படம் போட முடியவில்லை. எங்கள் தொழிலில் கெட்ட துணியை வெளியே காட்டுவதில்லை. மன்னிக்கவும்.”

ஆந்தை பதில் எழுதவில்லை. ஒரு படம் அனுப்பியது.

“இதென்ன?”

“குஷன் உறையாம். ஆந்தை தைச்சதாம். முதன்முதல் பழகத் தொடங்கேக்க.”

“இது என்ன, நாயா?”

“வாத்தாம்.”

“வாத்தா? வாத்துக்கு எங்க இந்த இடத்தில காது?”

“காதில்லை ராத்தா, பறக்கிற செட்டையாம். வளையம் இறுக்காமல் தள்ளிப்போச்சாம்.”

சுல்பா சிரித்தாள். தொடங்கினால் நிற்பாட்டத் தெரியாத சிரிப்பு அது, இருமலில் போய்த்தான் முடியும். வதனாவும் சிரித்தாள். இந்தப் பக்கம் நானும் வாயைப் பொத்திக்கொண்டேன், சுவருக்கு இரண்டு பக்கமும் காது உண்டு.

பிறகு சுல்பா ஏதோ சொன்னாள். கதையின் திருப்பமே அந்த வசனந்தான். அந்த நேரம் பார்த்து உப்பு மூட்டை ஏற்றிய லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“அவங்க வெக்கப்படாமக் காட்டிட்டாங்க. நமக்கு மட்டும் என்ன?” (சரிதான், ஆனால் மிக நல்ல பிள்ளையாக இருக்கிறது.)

“இந்த வாத்துக்கு முன்னால நம்மட இல எவ்வளவோ மேல்.” (இது அவளுடைய குரல். ஆனால் இதற்காக மட்டுமா பையைத் திறந்தாள்?)

மூன்றாவதை வெட்டிவிட்டேன்.

எனக்குக் கேட்டது அதற்குப் பிறகு வந்தது. பை இழுபடும் சத்தம். பின்,

“என்ன ராத்தா செய்யிறீங்கள்?”

“அயன் பண்றன்.”

“கெட்ட துணியையோ?”

“கெட்டது கெட்டது. கசங்கியும் கிடக்கணுமா?”

6

படம் போன பிறகு நடந்ததை எழுத என் கை வேகம் போதாது.

முதலில் யாரோ ஒருவர், நாங்கள் கேள்விப்படாத ஓர் ஊரிலிருந்து: “எனக்கும் இதுதான். நான்தான் வளையத்தைப் பிழையாகப் பூட்டினேன் என்று நினைத்து ஒருவருக்கும் சொல்லவில்லை.” கூடவே ஒரு படம், உதைபந்தாட்டக் கழகத்தின் சின்னம்; காலை விட்டுப் பந்து ஒரு விரல் தள்ளி நின்றது. பிறகு இன்னொருவர், அவருடையது குதிரை. சவாரி செய்கிறவர் குதிரைக்குப் பக்கத்தில் காற்றில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒளித்து வைத்திருந்தாராம்.

“ராத்தா, உலகம் முழுக்க மெஷினுக்குக் கீழ பை வச்சிருக்கினம்.”

“அப்ப நம்ம மட்டும் இல்ல.”

“நாங்கள்தான் முதல் காட்டினது.”

“நான்தான் அயன் பண்ணிக் காட்டினது.”

அடுத்த காலை ஆந்தை பிழையைப் பிடித்துவிட்டது. பெரிய வளையம் போட்டால் மட்டும், நூல் மாற்றியதும் புதிய பதிப்பு அளவை வேறு மூலையிலிருந்து எடுக்கிறதாம். ஆந்தையிடம் இருப்பது சின்ன வளையம். அதனால் அதன் வீட்டில் இந்தப் பிழை ஒருநாளும் தெரிந்ததில்லை. திருத்திய பதிப்பை அனுப்பியது. கீழே எழுதியிருந்ததை வதனா வாசித்தாள்:

“என்னிடம் பெரிய வளையம் இல்லாததால் நான் இதைத் தைத்துப் பார்க்கவில்லை. நீங்கள்தான் தைத்துப் பார்த்து எங்களுக்குச் சொல்லவேண்டும். இது வேலை செய்யும் என்று உத்தரவாதம் தரமுடியாது.”

“உத்தரவாதம் இல்லையா? அப்ப என்ன மனுசர் இவங்க?”

“பொய் சொல்லாத மனுசர்.”

“நம்மட உதவிய அவங்க கேக்குறாங்களா, அவங்கட உதவிய நம்ம கேக்குறமா?”

“எனக்கும் அதுதான் விளங்கேல்லை.”

எனக்கு விளங்கியது போல இருந்தது. ஒரு பந்தி எழுதினேன், கொடுப்பதும் கேட்பதும் பற்றி. நல்ல பந்திதான். ஆனால் வதனாவின் “விளங்கேல்லை” அதைவிட நன்றாக இருக்கிறது. பந்தியை எடுத்துவிட்டேன்.

பழைய துணியில் தைத்துப் பார்த்தார்கள். கொடித் துண்டு ஒன்று, நூல் மாற்றி ஓர் இலை. இலை கொடியிலேயே வந்து இருந்தது. சுல்பா “அல்ஹம்துலில்லாஹ்” என்றது எனக்கு நன்றாகக் கேட்டது.

அங்கேயே நிற்பாட்டியிருக்கலாம். வதனா இன்னொரு தரம் தைத்தாள்.

“இந்தமுறை கொஞ்சம் தள்ளி நிக்குது.”

“எங்க?”

“இதில பாருங்கோ. நூலளவு.”

“அது நீ வளையத்தச் சரியா இறுக்கல்ல.”

“வளையத்த இறுக்கினது நீங்கள்.”

“அப்ப நான் இறுக்கினது சரி. சொஃப்ட்வெயாரத்தான் பாக்கணும்.”

“முந்தி இறுக்கினதும் நீங்கள்தானே, அப்ப சரியா வந்தது—”

“அப்ப நான்தான் பிழையா? சொல்லன், நான்தான் பிழையெண்டு—”

பொதுப் பக்கத்தில் ஆந்தையைக் கேட்டு எழுதினார்கள். எந்தப் பதிப்பு, எந்த மெஷின், என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று நினைத்தோம், நடந்தது என்ன. படம் இரண்டு. இந்தமுறை சலாமும் சுகவிசாரிப்பும் இருந்தது, ஆனால் ஒரே வரியில். சுல்பா அதை விடமாட்டாள்.

பதில் வரவில்லை. அங்கே இரவு.

இங்கே வெள்ளிக்கிழமை காலை. முழுக் கோலமும் தைத்து முடிய மெஷினுக்கு நெடுநேரம் பிடிக்கும். இப்போது தொடங்கினால்தான் ஜும்ஆ முடிந்து நிஃப்லா வரும்போது துணி கையில் இருக்கும்.

7

இதுவரை கதை. இனி முடிவு. இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டையும் காட்டிவிடுகிறேன். கெட்ட துணியை ஒளிக்கக்கூடாது என்பதை இப்போதுதானே படித்தோம்.

முதலாவது முடிவில், எல்லாம் சரியாக வருகிறது. இலை கொடியில் இருக்கிறது. நிஃப்லா கண்ணாடி முன்னால் நிற்கிறாள். வதனா ஆந்தைக்குப் படம் அனுப்புகிறாள், ஆந்தை இதயம் போடுகிறது. சில நாள் கழித்து அந்தப் பக்கத்தில் ஒரு புதுப் பெண் எழுதுகிறாள்: “உங்கள் சொஃப்ட்வெயார் மிகவும் நன்று, ஒரு சின்ன விசயம் மட்டும், பெரிதில்லை.” எல்லாரும் நன்றி சொல்லிக் கடந்து போகப் பார்க்கையில், சுல்பா வதனாவின் முதுகில் தட்டி, “அவளுக்கு எழுது, சொகம் விசாரிக்கிறது பொறகு, கெட்டத முதல்ல காட்டு” என்கிறாள்.

எனக்கு இந்த முடிவு பிடிக்கும். பிடிப்பதால்தான் நம்பிக்கை இல்லை. மெஷின் சரியாகத் தைத்ததா என்ற கேள்விக்கு, நான் தைத்ததாக எழுதிவிட்டால் தைத்துவிட்டதா?

இரண்டாவதில், இலை தள்ளிப்போகிறது. ஒளிக்கப் பை இருந்தும் சுல்பா ஒளிக்கவில்லை. நிஃப்லா வந்ததும் துணியை அயன் பண்ணி மேசையில் விரிக்கிறாள். என்ன செய்தோம், என்ன நினைத்தோம், நடந்தது என்ன என்று சொல்கிறாள்.

நிஃப்லா விரலை வைத்து இடைவெளியை அளந்து பார்க்கிறாள்.

“கலியாணம் முடிஞ்ச கையோட அவர் கட்டாருக்கு வேலைக்குப் போயிருவார் ராத்தா.”

“ஓம், சொன்னீங்க.”

“அப்ப இல கொஞ்சம் தள்ளித்தானே நிக்கும். இப்படியே இருக்கட்டும்.”

இந்த வசனம் வந்ததும் நான் எழும்பிக் குசினிக்குள் இரண்டு சுற்று நடந்தேன். அவ்வளவு சந்தோசம். திரும்பி வந்து வாசித்தால், இது நிஃப்லாவின் குரல் இல்லை. நிஃப்லாவின் குரலை நான் கேட்டதே இல்லை. கெட்டுப்போன உடுப்பைப் பார்த்து ஒரு மணப்பெண் இப்படிப் பொருத்தமாகப் பேசினால், எழுதுகிறவளுக்கு வசதி. அவ்வளவுதான். உண்மையான நிஃப்லா அழலாம். துணியைத் தூக்கி எறியலாம். உம்மாவைக் கூட்டிக்கொண்டு வரலாம். அந்த உம்மாவைச் சமாளிக்க எந்த ஆந்தையாலும் முடியாது.

8

ஆகவே நானும் கேட்கிறேன். சுற்றி வளைக்காமல், எல்லாருக்கும் தெரியும் இடத்தில்.

வணக்கம், சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (ஒரு வரி. அதை நானும் விடமாட்டேன்.)

பதிப்பு: இந்தக் கதையின் நாலாவது வரைவு. கருவி: ஒரு பேனை, ஓர் ஒற்றைக்கல் சுவர், லொறிக்கு மட்டும் அடங்குகிற இரண்டு குரல்கள்.

என்ன செய்தேன்: கேட்டதை எழுதினேன். கேட்காததை எழுதியபோது எழுதினேன் என்று சொன்னேன்.

என்ன நடக்கும் என்று நினைத்தேன்: கேட்டுக்கொண்டே போனால் முடிவும் சுவர் வழியாக வந்துவிடும் என்று.

நடந்தது என்ன: வரவில்லை. கீழே இருப்பதுதான் கடைசியாகக் கேட்டது. அது என் கையில் இருக்கும் இரண்டு முடிவுக்கும் பொருந்துகிறது. ஒன்றுக்கும் முழுதாகப் பொருந்தவும் இல்லை. பிழை கதையிலா, நான் இறுக்கிய வளையத்திலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் என்னுடையதைவிடப் பெரிய வளையம் இருக்கலாம். தைத்துப் பாருங்கள். உத்தரவாதம் இல்லை.

படம் போட முடியாது. குரல்தான் இருக்கிறது:

“துணி நேரா இருக்கா?”

“நேரா இருக்கு.”

“வளையம்?”

“ரெண்டு பேரும் சேந்துதானே இறுக்கினது.”

“தங்க நூல் காணுமா?”

“ஒருக்காத் தைக்கக் காணும், அதுக்கு மேல இல்லை.”

“ஆந்தை?”

“இன்னும் எழும்பேல்லை.”

“நிஃப்லா கோல் எடுத்தாளா?”

“ஓம். பஸ்ஸுக்கு வெளிக்கிடப்போறாளாம். உம்மாவும் வாறாவாம்.”

லொறி ஒன்றும் போகவில்லை. பாலாவிச் சந்தியில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சுவரில் காதை வைத்தேன். வதனாவின் குரல், இவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதும் இல்லை:

“ராத்தா, இந்தமுறை கேட்டுத்தான் அமத்துறன். அமத்தட்டோ?”